குரல் கொடுக்க வந்தவர்

பெங்களூரில் தெருநாய்களுக்கும் புதிய கம்பெனி தொடங்குபவர்களுக்கும் அடுத்தபடியாக அதிக எண்ணிக்கையில் திரிகிற ஜீவன் எது தெரியுமா? குரல் கொடுப்பவர். பாடகர் என்றோ, சினிமாவில் டப்பிங் பேசுகிறவர் என்றோ நினைத்துவிடாதீர்கள். அவர்களெல்லாம் கூப்பிட்டால்தான் வருவார்கள். இவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

அடையாளம் சுலபம். கைத்தறிச் சட்டை போட்டிருப்பார். காலரில் வண்டு மாதிரி ஒரு மைக் தொங்கும். 'அவர்கள்' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொள்வார். 'அடித்தட்டு' என்று சொல்லும்போது கை தானாகத் தரையை நோக்கி இறங்கும். 'குரலற்றவர்கள்' என்கிற சொல் வந்தால் தொண்டை கம்மும், வராவிட்டால் வரவழைத்துக் கம்முவார். கூட்டத்தில் மைக் கிடைத்தால் 'நான் இங்கே பேச வரவில்லை' என்றுதான் ஆரம்பிப்பார். நாற்பது நிமிடம் கழித்தும் பேச வராமலேயே இருப்பார்.

பாலசுப்ரமணியன் இந்த இனத்தில் நல்ல தேர்ந்த மாதிரி. சொந்த ஊர் கரூர். பதினொரு வருடங்களாகப் பெங்களூரில் மென்பொருள் வேலை. அல்சூர் ஏரி பாதி தெரிகிற ஒன்பதாவது மாடி வீடு. மீதிப் பாதியை எதிர்க் கட்டடம் வைத்துக்கொண்டிருக்கிறது. மனைவி சீதாலட்சுமி வங்கியில் வேலை பார்க்கிறார். மகள் தீபிகா எட்டாவது படிக்கிறாள். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த இனத்தில் கெட்ட மனிதர்களே கிடையாது. அதுதான் தொல்லை.

அவருக்கு இது தொற்றியது ஆபீஸில். வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிக் கவலைப்படும் வழக்கம் அங்கே உண்டு. அன்றைக்குப் பாலசுப்ரமணியன் 'இணையம் எட்டாத மனிதர்கள்' என்று ஐந்து நிமிடம் பேசினார். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவருக்குக் கண்ணில் லென்ஸ் நழுவியிருந்தது என்பது பிறகு தெரிந்தது, ஆனால் ருசி பிடித்தது பிடித்ததுதான். ஒரே வாரத்தில் 'விளிம்பின் குரல்' என்று ஒரு சேனல் ஆரம்பித்தார். இருநூற்றுப் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். அதில் அறுபது பேர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். சம்பள உயர்வுப் பட்டியல் வெளியான மறுநாள் இருபது பேர் விலகினார்கள்.

குரல் தயார். இனிக் குரலற்ற ஒருவர் கிடைக்க வேண்டும். அது அத்தனை சுலபமாக இல்லை.

முதலில் அடுக்ககத்தின் வாட்ச்மேனிடம் போனார். அசாம்காரரான அவர் கேட் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்து, தன் ஊரில் நடந்துகொண்டிருந்த கைப்பந்துப் போட்டிக்குக் கைபேசியில் நேரலை வர்ணனை செய்துகொண்டிருந்தார். பாலசுப்ரமணியனுக்கு இரண்டு விரலைக் காட்டி, இன்னும் இரண்டு செட் பாக்கி என்று சைகை செய்தார். அடுத்து, கீழே இஸ்திரி போடும் ஆம்ப்ரோஸிடம் போனார். உங்களுக்கு நான் குரலாக இருக்கட்டுமா என்று கேட்டதும் ஆம்ப்ரோஸ் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மாதா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருடமாகக் கீழ்க்குரல் தான்தான் என்றும், தனக்குப் பதிலாக இன்னொரு ஆளைப் போடுவதாக இருந்தால் ஃபாதர் தன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும் என்றும் வருத்தப்பட்டார். அவரைச் சமாதானப்படுத்தவே அரைமணி நேரம் ஆயிற்று.

அப்புறம்தான் தமயந்தி அகப்பட்டார்.

தமயந்தி ஜோகுபாளையத்துக்காரர், வயது நாற்பத்தொன்று. பாலசுப்ரமணியனின் அடுக்ககத்துக்குப் பின்னால் இருக்கிற தெருக்களைக் கூட்டுவது அவர் வேலை. ஒருநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போன பாலசுப்ரமணியன், மூடிக் கிடந்த ஒரு பேக்கரியின் முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நின்று, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்புவதைப் பார்த்தார். ஏதோ சடங்கு என்று நினைத்தார். விசாரித்ததில், ஹாஜரி என்றார்கள்.

விஷயம் இதுதான். தெரு கூட்டுகிறவர்களுக்கு வருகை எடுக்கக் குத்தகைக் கம்பெனி ஒரு செயலி கொடுத்திருந்தது. காலை ஆறரைக்குள் கைபேசியில் முகத்தைக் காட்ட வேண்டும். செயலி அந்த முகத்தை ஒப்புக்கொண்டால் ஆள் வந்தாயிற்று. ஒப்புக்கொள்ளாவிட்டால், தெருவை முழுக்கக் கூட்டி முடித்தாலும் ஆள் வரவில்லை. மாதத்தில் நான்கு முறை 'வரவில்லை' விழுந்தால் பெயரே பட்டியலில் இருக்காது. இந்தச் செயலிக்கு இருட்டு ஆகாது, முகத்தில் அடிக்கும் டார்ச் ஆகாது, தூசி ஆகாது, தலையில் கட்டிய துணி ஆகாது, வியர்வை ஆகவே ஆகாது. தமயந்தியோடு வேலை செய்கிற எல்லம்மாவை அது மூன்று முறை தெரியாது என்று சொல்லிவிட்டது. இத்தனைக்கும் ஒருநாள் கை தவறிக் கைபேசி பக்கத்துப் பேனர் பக்கம் திரும்பியபோது, பிறந்தநாள் வாழ்த்தில் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு அண்ணனைப் பார்த்து, 'எல்லம்மா, வணக்கம்' என்று பச்சை விளக்கு காட்டியது.

பேக்கரி வழியைக் கண்டுபிடித்தவர் தமயந்தி. கடை மூடியிருந்தாலும் பெயர்ப் பலகையின் டியூப்லைட் விடியும்வரை எரியும். அதற்கு இரண்டு அடி இடதுபக்கம் நின்று, தலைத்துணியை எடுத்து, மோவாயை இவ்வளவு தூக்கினால் செயலி ஒப்புக்கொள்ளும். பதினாறு நாள் பதினாறு இடத்தில் நின்று பார்த்து அவர் கண்ட உண்மை இது. அதை நாற்பது விநாடி வீடியோவாகவும் போட்டார். நகரத்தின் பாதிப் பேக்கரிகளின் வாசலில் விடிகாலையில் பெண்கள் கூடியது அதைப் பார்த்துத்தான். பாலசுப்ரமணியனுக்கு இது தெரியாது. அவர் கண்ணில் பட்டது, விடியலில் ஒளியை நோக்கி உயர்ந்த பன்னிரண்டு முகங்கள். அவர் மயிர்க்கூச்செறிந்து நின்றார்.

ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தமயந்தி படப்பிடிப்புக்குச் சம்மதித்தார். ஏரிக்கரைக்குப் போனார்கள். நிமிர்த்தி எடுக்கிறீர்களா படுக்கவைத்தா என்று தமயந்தி கேட்டார். பாவம், கேமரா என்றால் என்னவென்று தெரியாமல் ஏதோ கேட்கிறார் என்று பாலசுப்ரமணியன் நெகிழ்ந்தார். தமயந்தி கேமரா வைத்திருந்த முக்காலியைச் சற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெளிச்சம் எனக்குப் பின்னாடி இருக்குது சார். இப்டி எடுத்தா மூஞ்சி கறுப்பா வரும்."

பாலசுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, கறுப்பு ஒரு குறையே இல்லை என்றும், அழகு என்று இந்தச் சமூகம் சொல்லி வைத்திருப்பதையெல்லாம் நம்பக் கூடாது என்றும், உலகத்தின் பெரிய அழகிகள் பலர் கறுப்புத்தான் என்றும் ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தமயந்தி முக்காலியைத் தூக்கிக் கிழக்குப் பக்கம் முதுகு வரும்படி திருப்பி வைத்துவிட்டார். தமயந்தியின் கைபேசி உறையில் ஒட்டியிருந்த சின்னப் புத்தர் படத்தைக் கவனித்த பாலசுப்ரமணியன், அவர் யார் தெரியுமா என்று ஆரம்பித்து மூச்சைக் கவனிப்பது பற்றியும் சொல்லிக் கொடுத்தார். தமயந்தியின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். ஞாயிறு தவறாமல் விகாரையில் வந்தனம் சொல்கிறவர். சார் ஆசையாகச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டார்.

கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லம்மாக்கு மூணு வாட்டி ஹாஜரி போயிடுச்சு சார். இன்னொரு வாட்டி போனா பேரே இருக்காது. நாங்க வேலைக்குக் கூடற பாலத்தடில ஒரு லைட்டு போட்டா போதும். இத மட்டும் உங்க வீடியோல வெச்சிருங்க."

கண்டிப்பாக என்றார் பாலசுப்ரமணியன். கண்டிப்பாக என்றுதான் நினைத்தார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போது அந்த இடம் மட்டும் உறுத்தியது. மின்வாரியப் புகார் மாதிரி இருந்தது. பின்னால் போட்டிருந்த புல்லாங்குழலுக்கும் தமயந்தியின் குரலுக்கும் சுருதி சேரவில்லை. எடுத்துவிட்டார்.

'மௌனத்தின் முகங்கள்' ஆறு நிமிடம் ஓடியது. அதில் மூன்று நிமிடம் தமயந்தி ஏரியைப் பார்த்தார். மீதி மூன்று நிமிடம் பேக்கரி வாசலில் பெண்கள் மெதுவாக, மிக மெதுவாக, முகத்தை உயர்த்தினார்கள். 'அவர்கள் ஒளியைத் தேடுகிறார்கள். எந்த ஒளி?' என்று பாலசுப்ரமணியனின் குரல் கேட்டது. பதில் சொல்லவில்லை. டியூப்லைட் என்று சொன்னால் கவிதை கெட்டுவிடும் அல்லவா?

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் அந்தக் குத்தகைக் கம்பெனியில் மக்கள் தொடர்பைக் கவனிக்கும் பார்கவி. அவர் உருகிப் போனார். தொழிலாளர்களின் மனத்தை அறிய ஒரு கலந்தாய்வு நடத்தப் போவதாகவும், அதில் சமூகப் பிரதிநிதியாகப் பாலசுப்ரமணியன் கலந்துகொள்ள வேண்டும் என்றும் கடிதம் வந்தது. எந்தச் சமூகம் என்று சீதாலட்சுமி கேட்டார். மனித சமூகம் என்றார் பாலசுப்ரமணியன். சீதாலட்சுமி குக்கரை இறக்கப் போய்விட்டார்.

கலந்தாய்வு அன்றைக்குத் தமயந்தியும் எல்லம்மாவும்கூட வந்திருந்தார்கள். குறைகளைச் சொல்லலாம் என்று அவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி சொல்லியிருந்ததால் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்திருந்தார்கள். பிரதிநிதிக்கு ஒரு நாற்காலிதான், அதில் ஆள் உட்கார்ந்தாயிற்று என்று வாசலில் சொன்னார்கள். இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. குடித்து முடித்த யாரோ ஒருவர் காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தமயந்தியின் பக்கம் நகர்த்தி வைத்தார். தமயந்தி அவற்றை ஒவ்வொன்றாக அவர் பக்கமே திருப்பி நகர்த்தினார்.

செயலியில் இருக்கும் பெரிய சிரமம் என்ன என்று பார்கவி கேட்டார். தமயந்தி தாளை உயர்த்தினார். பாலசுப்ரமணியன் அதைப் பார்த்தார். பார்த்து, பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்கிற மாதிரி தலையசைத்தார். பிறகு கண்ணை மூடித் திறந்து, அந்த இயந்திரத்துக்குக் கருணை இல்லை என்றார். சிவப்பு எழுத்தில் ஒரு மனிதரை நிராகரிப்பது வன்முறை. நிராகரிப்பதாக இருந்தாலும் ஒரு மனிதக் குரலில், அன்போடு நிராகரிக்க வேண்டும் என்றார்.

பார்கவிக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. கம்பம் நட வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம். கருணைக்கு மின் இணைப்பே தேவையில்லை. அங்கேயே இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். ஒன்று, செயலி இனிப் பாலசுப்ரமணியனின் குரலில் பேசும். இரண்டு, பெண்கள் ஒரு தனியார் கடை வாசலில் கூட்டம் போடுவது வீடியோவில் தெரிவதால், இனிமேல் மஸ்டரிங் நடக்கும் இடத்தில், அதாவது காலையில் வேலைக்குக் கூடும் மேம்பாலத்தடியில் நின்றால் மட்டுமே செயலி திறக்கும். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது முடிவு பாலசுப்ரமணியனின் காதில் சரியாக விழவில்லை. எந்தச் சுருதியில் பேசலாம் என்று அவர் மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை மேம்பாலத்தடியில் நாற்பத்து மூன்று பெண்கள் நின்றார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்கே தெரியாத இருட்டு. கைபேசியை உயர்த்தினார்கள். புல்லாங்குழல் கேட்டது. பிறகு, தேன் தடவிய ஒரு குரல்:

'அன்புத் தோழியே, இன்று உங்கள் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நீங்கள் எங்களுக்கு மிக முக்கியமானவர். நன்றி.'

ஒரு கைபேசி முடிப்பதற்குள் இன்னொன்று ஆரம்பித்தது. நாற்பத்து மூன்று கைபேசிகளிலிருந்தும் நாற்பத்து மூன்று பாலசுப்ரமணியன்கள் முன்னும் பின்னுமாக அன்பு செலுத்தினார்கள். மேம்பாலம் அதை வாங்கி எதிரொலித்தது. மேலே போன பேருந்தில் சிலர் எட்டிப் பார்த்தார்கள். எல்லம்மாவுக்கு அது நான்காவது முறை. அவர் கைபேசியைக் காதருகே கொண்டுபோய், "யாருப்பா நீ?" என்று கேட்டார். அன்புத் தோழியே என்று அது மறுபடி ஆரம்பித்தது.

தமயந்தி தன் வீடியோக்களில் மூச்சு விடாமல் பேசுகிறவர். எந்த அடுக்ககத்துக் குப்பையில் என்ன இருந்தது, எந்தக் கையுறை எத்தனை நாளில் கிழியும், எந்தத் துடைப்பம் இடுப்பை ஒடிக்கும் என்று கன்னடமும் தமிழும் கலந்து பொரிந்து தள்ளுவார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துப் பெண்ணின் கைபேசி டார்ச்சை எல்லம்மாவின் முகத்தில் அடிக்கச் சொன்னார். நெற்றி, கன்னம், பல், மூக்குத்தி எல்லாம் பளிச்சென்று தெரிந்த அந்த முகத்தை, 'உங்கள் முகம் எங்களுக்குத் தெரியவில்லை' என்ற குரலோடு ஐம்பத்திரண்டு விநாடி எடுத்தார். போட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

மாலைக்குள் பெங்களூர் முழுக்கப் பாலசுப்ரமணியன் பேசினார். மீட்டர் போடச் சொன்ன சவாரியைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் அதைப் போட்டார்கள். அழகு நிலையத்திலிருந்து வந்த மணப்பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை அதைப் போட்டார். ஓட்டுக் கேட்டு ஐந்து வருடம் கழித்து வந்த ஒருவரை நோக்கி ஸ்ரீராம்புரத்தில் ஒரு தெருவே அதைப் போட்டது. யாரோ தாளம் சேர்த்தார்கள். கன்னடத்தில் ஒன்று வந்தது, ஒரிஜினலை விட நன்றாகவே வந்தது. இரவு சாப்பாட்டு மேசையில் தீபிகா அதைப் போட்டுக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் முறை போட்டபோது சிரிப்பு நின்றது. மெல்ல அப்பாவைப் பார்த்தாள்.

தமயந்தியின் சேனலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்பது பாலசுப்ரமணியனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சீதாலட்சுமி அதில் ஒரு வருடமாக இருந்தார். வீட்டில் குப்பை பிரிப்பதே தமயந்தி சொல்லிக் கொடுத்தபடிதான் என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று பாலசுப்ரமணியன் கேட்டார். "சொன்னேங்க. நீங்க அப்ப ஹெட்ஃபோன் மாட்டியிருந்தீங்க" என்றார் சீதாலட்சுமி.

மறுநாள் காலையில் பாலசுப்ரமணியன் ஜோகுபாளையத்துக்குப் போனார். நிஜமாகவே மனம் நொந்திருந்தார். தூங்கியிருக்கவில்லை. தமயந்தி தெருமுனையில் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் குரலை எடுத்துப் போட்டுட்டீங்களேம்மா" என்றார் பாலசுப்ரமணியன்.

தமயந்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"எங்க மூஞ்சிய எடுத்துக்கினு போனீங்க சார், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு வார்த்தை வெக்கச் சொன்னேன். அத வெட்டிட்டீங்க. அதுலதான் சார் எல்லம்மா பேரு இருந்துச்சு. நேத்து சாயங்காலம் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க."

பாலசுப்ரமணியன் காது சூடாயிற்று. கண்ணை மூடத் தோன்றவில்லை. ஒரு வாக்கியம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அந்தச் சின்ன நேரத்தில் அவர் எவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தார் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு, நான் இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யாதீங்க சார். ஒரு வாரம் ஒண்ணுமே செய்யாம இருங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். ஊரே சிரிக்கிற சிரிப்பைக் கம்பெனியால் மூன்று நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. நான்காம் நாள் மேம்பாலத்தடியில் இரண்டு பெரிய விளக்குகள் எரிந்தன. செயலி ஒத்துக்கொள்ளாத அன்று மேஸ்திரியின் நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று உத்தரவு வந்தது. எல்லம்மாவின் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது. பார்கவியே நேரில் வந்து அதைத் தமயந்தியின் கேமராவுக்கு முன் சொன்னார். வெளிச்சம் சரியில்லை என்று தமயந்தி அவரை இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்தார். அன்புத் தோழியே என்கிற குரல் செயலியிலிருந்து போயிற்று.

பாலசுப்ரமணியனும் வாக்குத் தவறவில்லை. ஏழு நாள் ஒன்றுமே செய்யவில்லை. பட்டினி கிடந்தவர் மாதிரி இளைத்துவிட்டதாகச் சீதாலட்சுமி சொன்னார். எட்டாம் நாள் காலையில் ஓர் அறிவிப்பு வந்தது: 'கேட்கக் கற்றுக்கொண்டேன். பாலசுப்ரமணியன் உரை.' அரங்கு நிறைந்த கூட்டம். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். பிறர் பேசுவதற்கு இடம் விடுவது எப்படி என்பதைப் பதினொரு படிகளாக விளக்கினார். நேரம் இல்லாததால் கேள்விகளுக்கு இடம் விடவில்லை.

சிரிக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆள் அப்படியே இப்படித்தான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறீர்கள். இதை யாருக்கெல்லாம் அனுப்பலாம் என்று உங்கள் விரல் இந்நேரம் ஐந்தாறு பெயர்களைத் தொட்டிருக்கும். 'அந்த மக்களுடைய நிலையை அருமையாகச் சொல்லியிருக்கிறார்' என்று மேலே ஒரு வரியும் சேர்ப்பீர்கள். தாராளமாகச் சேருங்கள். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் எனக்கு. தமயந்தியின் சேனலுக்கு ஒரு பெயர் இருக்கிறது. இவ்வளவு நீளமாக அவரைப் பற்றி எழுதிய நான் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள், ஒப்புக்கொள்கிறேன். முதல் வரியிலிருந்து கூடவே வந்த நீங்கள், ஒரு தடவையாவது கேட்டீர்களா?